ஆள் வேண்டாத வானம்

அடாங் வானம் போடுவார், விர்யா ஆள் போடுவார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் படம் வரைகிறார்கள். பாண்டுங் பக்கமிருந்து வருகிற லாரிகள் தெருவோரம் நின்று, காய்ந்த படங்களைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு ஜகார்த்தாவுக்கும் பாலிக்கும் போகும். ஒரு படத்தை ஒருவரே முழுசாக வரைவது இங்கே வழக்கமில்லை. ஒருவர் ஆயில் பெயிண்டில் வானமும் மலையும் போட்டுக் காயவைப்பார். காய்ந்ததும் இன்னொருவர் அதில் வயலையும் எருமையையும் நாற்று நடுகிற பெண்களையும் சேர்ப்பார். இதற்கு 'நிரப்புவது' என்று பெயர். வானம் மட்டும் போட்டு வைத்த கேன்வாஸை 'காலி' என்பார்கள். எத்தனை அழகான வானமாக இருந்தாலும் சரி, ஆள் இறங்கும்வரை அது காலிதான்.

நான் கேன்வாஸ் இழுத்துக் கட்டிக் கொடுக்கிறவன். சட்டம் அடிப்பேன், வண்ணமும் தூரிகையும் விற்பேன். கடல் தாண்டி மேடான் நகரத்திலிருந்து இங்கே வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் ஆண்களை 'கங்' என்பார்கள், நம்மில் அண்ணன் என்கிற மாதிரி. என்னை மட்டும் மேடான்காரர்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி 'பாங்' என்பார்கள். அன்பாகத்தான் கூப்பிடுவார்கள்.

அடாங்கும் விர்யாவும் ஒரே வயது. நாலு வீடு தள்ளி வசித்தார்கள். ஒருவர் வீட்டுப் பின்வாசலில் மற்றவர் கேட்காமல் நுழைவார். வானம் காய்ந்திருக்கிறதா என்று விர்யா விரலால் தொட்டுப் பார்த்து, தானே எடுத்துக்கொண்டு போய்விடுவார். படம் முடிந்ததும் கீழ்மூலையில் 'அட்விர்யா' என்று கையெழுத்து விழும். இரண்டு பேரின் பெயரையும் ஒட்டவைத்தது. அட்விர்யா என்று ஒரு வயதான ஓவியர் இருக்கிறார் என்று பாலியில் சில கடைக்காரர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊர் ஜனங்களின் சுண்டா பேச்சில் மரியாதை வார்த்தைகளுக்குக் குறைவே இல்லை. சாப்பிடுவதற்கே ஆளைப் பொறுத்து நாலைந்து சொல் உண்டு. இவர்கள் இரண்டு பேரும் அதில் ஒன்றைக்கூட ஒருவர்மேல் ஒருவர் செலவழித்து நான் கேட்டதில்லை.

"காஞ்சுச்சாடா?" என்று விர்யா தெருவிலிருந்தே கத்துவார்.

"உன் மூஞ்சி மாதிரி இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

"விசிறி வச்சு வீசுடா. என் எருமையெல்லாம் இறங்க இடமில்லாம நிக்குது."

"கொண்டுபோய் உன் பொண்டாட்டி சமையல்கட்டுல கட்டு."

"நீ போடுறது வெறும் சோறுடா. காரச் சம்பல் நான்தான். வெறும் சோத்தை எவன் திம்பான்?"

"சோறில்லாம சம்பலை நக்கிப் பாரு, தெரியும்."

இப்படியே போகும். கேட்டுக்கொண்டு நான் சட்டம் அடிப்பேன்.

அந்த ஜனவரியில் ஒன்பது நாள் விடாமல் மழை. சித்தாரும் என்கிற ஆறு கரை ஏறி வயலெல்லாம் தண்ணீர். அடாங் வீட்டில் பதினாறு கேன்வாஸ் காயாமல் நின்றது. மேலே தொட்டால் விரலில் நீலம் ஒட்டியது. வேலை இல்லாமல் அவர் என் கடைக்கு வந்து, ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்து வைத்தார். பிரித்ததையே மறுபடி கலைத்துப் பிரித்தார். அவர் விரல் நுனிகளெல்லாம் வண்ணம் கழுவுகிற மண்ணெண்ணெயில் ஊறி வெடித்திருந்தது.

எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மேல்தட்டில் ஒரு பெட்டி கிடந்தது. வண்ணம் கொண்டுவருகிற ஏஜென்ட் மூன்று வருஷத்துக்கு முன் தவறுதலாக விட்டுவிட்டுப் போனது. பேஸ்டல் குச்சிகள், மென்மையான வகை. தொட்டாலே மாவாக உதிரும். எங்கள் ஊரில் அதற்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள். மேலே கண்ணாடி போட்டால்தான் நிற்கும், லாரியில் சுருட்டி ஏற்ற முடியாது. தூசி தட்டி அவரிடம் கொடுத்தேன்.

"என்ன பாங், பள்ளிக்கூடத்து சாக்பீஸா?"

"போட்டுப் பாருங்க. காசு வேண்டாம்."

சட்டத்துக்குப் பின்னால் வைக்கிற சாம்பல்நிற அட்டை ஒன்று மேஜையில் கிடந்தது. அவர் ஒரு நீலக் குச்சியை எடுத்து, தூரிகையைப் பிடிக்கிற மாதிரி நுனியில் பிடித்துக் கீறினார். குச்சி உடைந்தது. உடைந்த துண்டைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு இழுத்தார். அட்டையின் அகலத்துக்கு ஒரு வானம் வந்துவிட்டது.

அவர் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

பிறகு அதன்மேல் ஊதினார். பழக்கம். நீலத்தூள் பறந்து என் தேநீரில் விழுந்தது.

"இது எப்ப காயும்?"

"காய்றதுக்கு என்ன இருக்கு இதுல? அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"மேல அடுத்ததைப் போடுங்க."

அவர் நம்பவில்லை. ஆரஞ்சு ஒன்றை எடுத்தார். ஈர ஆயிலில் நீலத்தின்மேல் ஆரஞ்சு போட்டால் சேறாகிவிடும். அதனால்தான் அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார். பயந்துகொண்டே மெல்ல இழுத்தார். ஆரஞ்சு நீலத்தின்மேல் உட்கார்ந்தது. இடையிடையே நீலம் தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. சுண்டுவிரலால் ஓரத்தைத் தேய்த்தார். மேகத்துக்கு அடி வந்தது. உள்ளங்கையால் அழுத்தினார். தூரத்து மழை வந்தது.

அடாங் சிரித்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், என் கடையில் ஆணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, குளத்தில் இறங்கின பிள்ளை மாதிரி சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் என்னிடமிருந்த அட்டையெல்லாம் தீர்ந்துவிட்டது.

அதற்குப்பின் மழை விட்ட ஒவ்வொரு நாளும் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெள்ள வயலோரம் போய்விடுவார். திரும்பி வரும்போது காதுமடலில் ஊதா, மூக்கில் மஞ்சள். அவர் மனைவி தேஹ் எந்தின் கடைக்கு வந்து என்னிடம் சண்டை போட்டார்.

"தலையணை எல்லாம் நீலம் பாங். தொழுகைக்குத் துவைச்ச சட்டையில பச்சை. உங்க பெட்டியை நீங்களே திரும்ப வாங்கிக்குங்க. இந்த வயசுல இவரைக் குளிப்பாட்டி விடவா முடியும்?"

சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனா நல்லாத் தூங்குறார். கை வெடிப்பெல்லாம் மூடிடுச்சு" என்றார்.

ஒருநாள் அடாங் என்னையும் கரைக்குக் கூட்டிப்போனார். நாலரை மணி. மழை கழுவிவிட்ட வானம் வயல் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது.

"பாங், நான் இருபத்தாறு வருஷமா ஒரே வானத்தைத்தான் போட்டிருக்கேன். தெரியுமா?"

"எந்த வானம்?"

"ஒரு காலண்டர்ல பார்த்தது. மேல நீலம், கீழ மஞ்சள், நடுவுல மூணு மேகம். அதையே ஆயிரக்கணக்குல போட்டாச்சு. தலைக்கு மேல இருக்கிறதை நிமிர்ந்து பார்க்கல." மேற்கே கையைக் காட்டினார். "அதோ அந்த இடத்துல ஒரு பச்சை வருது பாருங்க. கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆயில்ல அதைப் பிடிக்க முடியாது. வண்ணம் கலக்கறதுக்குள்ள போயிடும். இதுல பிடிக்கலாம்."

பிடித்தார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேலே வானம், கீழே அதே வானம் தண்ணீரில், நடுவே ஒரு வரப்பு. வேறெதுவும் இல்லை. அவர் குச்சியை வைத்துவிட்டுப் படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அவர் விர்யாவிடம் சொல்லவில்லை. முதலில் வெட்கம்தான் காரணம். சாக்பீஸ் வைத்து விளையாடுகிறான் என்று ஊரெல்லாம் பரப்பிவிடுவார் என்றார். பிறகு காரணம் வேறாகிவிட்டது. அந்த வானத்தில் ஆள் இறங்க இடமில்லை. ஆள் வேண்டியும் இருக்கவில்லை.

இதற்குள் கேன்வாஸ் வேலை மெதுவாகிவிட்டது. வாரத்துக்குப் பதினைந்து காலி போட்டவர் ஆறு, ஏழு என்று கொடுத்தார்.

"வானம் எங்கடா?" என்பார் விர்யா.

"மழைடா."

மார்ச் முடிந்து மழை குறைந்தது. அப்போதும் "மழைடா" என்றார். விர்யா வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உன் வீட்டுக் கூரை மேல மட்டும் பெய்யுதா?" என்று கேட்டுச் சிரித்தபடி போனார். ஓர் ஆள் இல்லாவிட்டால் இன்னொருவரை வைத்துக்கொள்வது இங்கே சுலபமில்லை. வானம் போடுகிற ஒவ்வொருவருக்கும் நிரப்புகிறவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். கல்யாணம் மாதிரிதான்.

ஏப்ரலில் பாண்டுங்கிலிருந்து இபு ஹெர்லினா சட்டம் வாங்க வந்தார். மேட்டுப் பகுதியில் சின்னதாக ஒரு ஓவியக்கூடம் நடத்துகிறவர். என் மேஜையில் கிடந்த வெள்ள வயல் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"யாரோடது?"

அடாங் ஆணிப்பெட்டிப் பக்கமிருந்து எழுந்தார். "என்னோடதுங்க. சும்மா போட்டது. இன்னும் காலிதான்."

"காலியா?" அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "இதுல இன்னும் என்ன வேணும்? ஒரு கோடு சேர்த்தாலும் கெட்டுப்போயிடும். இது முடிஞ்ச படம். இந்த மாதிரி ஆறு கொடுங்க. ஜூன்ல கண்காட்சி வைக்கிறேன்."

அவர் கார் போனபின்னும் அடாங் நின்றுகொண்டே இருந்தார்.

"முடிஞ்ச படம்னு சொன்னாங்க பாங்."

"கேட்டேன்."

"என் படத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்ல."

"விர்யாகிட்ட சொல்லிடுங்க கங். வேற யார் வாயிலயாவது கேட்டா நல்லா இருக்காது."

"சொல்லணும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு சொல்லிடுறேன்."

நாலு வெள்ளிக்கிழமை போனது. எனக்கும் விர்யாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கடைக்கு வந்தால் அந்த அட்டைகளைத் திருப்பி வைப்பேன். நான் சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் நடுவில் வெளியாள் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் எதிரே, இறைச்சி உருண்டையும் நூடுல்ஸும் போட்டுத் தருகிற பக்சோ வண்டியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். விர்யா மூன்று கரண்டி சம்பலைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினார். அடாங் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"விர்யா, ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் முதல்ல சொல்றேன். எனக்கு எருமை சலிச்சுப்போச்சுடா. போன வாரம் மைதானத்துல பசங்க பட்டம் விட்டாங்க. ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன். ஒருத்தன் பின்னாலயே ஓடுறான், ஒருத்தன் நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டிருக்கான், ஒரு குட்டிப்பொண்ணு சும்மா அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்குது. அதைப் போடணும். ஆனா உன் செத்த வானத்துல பட்டம் பறக்காது."

"செத்த வானமா?"

"கோவிச்சுக்காத. நானும் செத்த எருமைதான் போடுறேன். காத்து அடிக்கிற வானம் ஒண்ணு போட்டுக் குடுடா. ஒண்ணே ஒண்ணு. நாம ரெண்டு பேரும் சாகறதுக்குள்ள நல்லதா ஒரு படம் போட்டுட்டுப் போவோம்." நூடுல்ஸை உறிஞ்சினார். "நீ என்ன சொல்ல வந்த?"

அடாங் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல. உப்பு கம்மி" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அடாங்கும் நானும் பிக்கப்பில் பாண்டுங் போய் ஆறு படத்துக்கும் கண்ணாடி வாங்கி வந்தோம். போகிற வழியெல்லாம் அவர், எப்படித் தொடங்குவது என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். "விர்யா, நான் உன்னை விட்டுப் போகல, ஆனா" என்று தொடங்குவார். 'ஆனா'வுக்குப் பிறகு வராது. "இன்னைக்கு எப்படியும் சொல்லிடுவேன் பாங்" என்றார். நாங்கள் திரும்பியபோது மணி மூன்று. தேஹ் எந்தின் சந்தைக்குப் போயிருந்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து வேலை அறைக்குப் போனோம்.

விர்யா உள்ளே உட்கார்ந்திருந்தார். மடியில் வண்ணத்தட்டு. முன்னால் பலகையில் ஆறு படங்களும் வரிசையாக. மூன்றை நிரப்பி முடித்து நாலாவதில் இருந்தார்.

எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா திருட்டுப்பயலே. கேட்டேன்னதும் ஒண்ணுக்கு ஆறா போட்டு வச்சிருக்க, சொல்லவே இல்ல. காலி எடுக்க வந்தவன் அசந்துபோயிட்டேன்."

அடாங் கண்ணாடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"ஆனா என்னத்தைடா பூசின? தூள் தூளா வருது. தூரிகை வச்சா கட்டி கட்டியா நிக்குது. முதல் ரெண்டுல கொஞ்சம் தடுமாறிட்டேன். மூணாவது பாரு. அந்தப் பொண்ணைப் பாரு."

நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அத்தனை வருஷத்தில் விர்யா போட்ட ஆட்களிலேயே உயிருள்ள ஆட்கள் அவர்கள்தான். ஒரு பையன் வரப்பில் கால் வழுக்கி விழப்போகிறான். சின்னப் பெண் ஒருத்தி முகத்துக்கு மேலே கையை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள். அவளைச் சுற்றி ஆயில் அட்டைக்குள் ஊறி, அழுக்கு மஞ்சளில் ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் அப்படியே. தூரிகை போன வழியெல்லாம் வானம் சேறாகிவிட்டது. விர்யாவின் சட்டைக்கை பட்டு, இரண்டாம் படத்தில் ஒரு பெரிய மேகமே இல்லை. நாலரை மணிப் பச்சை போன இடம் தெரியவில்லை.

அடாங் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இது முடிஞ்ச படம்" என்றார்.

"எங்க முடிஞ்சுது? இன்னும் மூணு பாக்கி."

"நீ வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன படம்."

விர்யா சிரித்துக்கொண்டே சுற்றும்முற்றும் பார்த்தார், வேடிக்கை எங்கே என்று தேடுகிற மாதிரி. "முடிஞ்சுதா? ஆள் எங்கடா இருந்துச்சு?"

"ஆள் வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். படத்தைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் சொன்னபிறகு அந்த வார்த்தை படத்தோடு நிற்கவில்லை. அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது கேட்டது. சுவரோரம் இருக்கிற ஆறு கண்ணாடியையும், என்னையும், அடாங்கின் விரல்களில் இருந்த பல நாள் நீலத்தையும் விர்யா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாங்குக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் தலைகுனிந்தேன்.

விர்யா தூரிகையைத் துணியில் துடைத்தார். அவசரப்படவில்லை. முடியிடுக்கில் வண்ணம் தங்காதபடி திருப்பித் திருப்பித் துடைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படிங்களா" என்றார். "தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க, கங் அடாங்."

அடாங் அடிவாங்கின மாதிரி நிமிர்ந்தார். "டேய், என்னடா பேசுற."

"கேட்காம உள்ள வந்தது என் தப்புங்க. கொஞ்சம் வழி விடுங்க, போய்க்கிறேன்."

குனிந்து, வலது கையைத் தாழ்த்தி முன்னால் நீட்டி, பெரியவர்களைத் தாண்டிப் போகிற முறைப்படி எங்களைத் தாண்டிப் போனார். பின்வாசல் வழியாக வந்தவர் முன்வாசல் வழியாகப் போனார்.

அடாங் அந்த மூன்று படங்களையும் மீண்டும் போட முயன்றார். வயல் வற்றிவிட்டது. அந்த வானமும் போய்விட்டது. மிச்சமிருந்ததில் நாலாவதன் ஓரத்தில் பட்டத்து நூல் ஒன்று விழுந்திருந்தது. அந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டேன். கடைசியில் மூன்று படம்தான் கண்காட்சிக்குப் போனது. மூன்றிலும் கீழ்மூலையில் 'அட்விர்யா' என்று எழுத அவர் கை தானாகவே போனதாம். எழுதினார். இபு ஹெர்லினா அச்சடித்த அழைப்பிதழிலும் அந்தப் பெயரே வந்தது.

இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தார். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு விர்யா வீட்டுக்குப் போனபோது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். முன்வாசலில் நின்று கதவைத் தட்டினோம். விர்யா எங்களை உட்காரவைத்தார். அவர் மனைவி தேநீரும் வறுத்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். தட்டில், விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி.

"நம்ம பேர்தான் போட்டிருக்கேன்" என்றார் அடாங். "பாரு."

விர்யா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு மேஜைமேல் வைத்து இரண்டு விரலால் அடாங் பக்கம் தள்ளினார்.

"நல்ல விஷயங்க. சந்தோஷம். ஆனா என் கை படாத படத்துல என் பேர் எதுக்குங்க? பட்ட படத்தைக் கெடுத்ததும் நான்தான்."

"விர்யா, நான் இனிமே ஆயில்லயே போடுறேன்டா. நாளைக்கே பத்து காலி தரேன். சாக்பீஸை ஆத்துல வீசிடுறேன்."

"வேண்டாங்க. நல்லா வருதுன்னா அதை விடக்கூடாது. தேநீர் ஆறுது பாருங்க, குடிங்க."

அடாங் சொன்னபடி பத்து காலி போட்டார். நான்தான் கேன்வாஸ் கட்டிக் கொடுத்தேன். அந்த வானங்கள் நன்றாக இல்லை. காலண்டர் வானம்கூட அவர் கைக்கு மறுபடி வரவில்லை. "கை திரும்ப மாட்டேங்குது பாங்" என்றார். தூரிகையை வைத்துவிட்டு, காயக் காத்திருக்கிற நேரத்தில் அவரை அறியாமல் பேஸ்டல் பெட்டியைத் திறந்துவிடுவார். திறந்ததும் முகம் தெளியும். தெளிந்தது தெரிந்ததும் மூடிவிடுவார். பத்து கேன்வாஸும் விர்யா வீட்டுக்குப் போய், இரண்டு நாளில் அப்படியே திரும்பி வந்தன. அவர் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். 'அப்பா ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார்' என்றாள்.

விர்யா பக்கத்து ஊரிலிருந்து காலி வாங்கி நிரப்பிப் பார்த்தார். அந்த வானங்களில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது. இவர் ஆட்களுக்கு இருபத்தாறு வருஷமாக நிழல் இடப்பக்கம்தான் விழும். லாரிக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் தானே வானம் போட்டுப் பழகினார். பெரிய தட்டைத் தூரிகை வாங்க என் கடைக்கு வருவார். மற்றபடி பேச்சு எப்போதும் போலத்தான். "பாங், இது முடி கொட்டுற தூரிகையா? உங்க தலை மாதிரி?" என்பார். அடாங் கடையில் இருந்தால் மட்டும், "வாங்க கங், சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டு, பதிலை நின்று கேட்டுவிட்டுப் போவார். தெருவில் யாரும் அவர்கள் சண்டை போட்டதாகச் சொல்ல முடியாது. அவ்வளவு மரியாதை.

மூன்று படங்களும் விற்றன. இன்னும் வேண்டும் என்று இபு ஹெர்லினா கேட்டார். அடாங் போட்டுக் கொடுத்தார். நல்ல படங்கள்தான். பெயர் எழுதாமல் கொடுத்தார்.

செப்டம்பரில் விர்யா மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நெருங்கினவர்களுக்கு அழைப்பிதழ் கொடுப்பதில்லை. மூன்று நாள் முன்னதாகவே ஆள் வந்து கூப்பிடும். போய்த் தேங்காய் உடைக்க வேண்டும், கோழி உரிக்க வேண்டும், பந்தல் கட்ட வேண்டும். அடாங் வீட்டுக்கு உறை வந்தது. முகப்பில் 'மதிப்பிற்குரிய பாப்பாக் அடாங் குடும்பத்தார்' என்று அச்சிட்டிருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"உங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு." எனக்கு எப்போதும் உறைதான் வரும்.

மூன்று நாளும் விர்யா வீட்டுப் பக்கமிருந்து தேங்காய் துருவுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. அடாங் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். தேஹ் எந்தின் மட்டும் இரண்டாம் நாள் பின்பக்கமாகப் போய் வெங்காயம் உரித்துவிட்டு வந்தார். பெண்களை அங்கே யாரும் தடுக்கவில்லை.

கல்யாணத்தன்று பதினொரு மணிக்கு நானும் அடாங்கும் போனோம். புது பாத்திக் சட்டை போட்டிருந்தார். நகக்கண்களைத் தேய்த்துக் கழுவியிருந்தார். வரவேற்பில் நின்ற பையன், அடாங்கின் தோளில் ஏறி வளர்ந்தவன், எங்களைக் கும்பிட்டு அழைத்துப்போய் நாற்காலி வரிசையில் உட்காரவைத்தான். சிவப்பு உறை போட்ட நாற்காலிகள். எங்களுக்கு முன் வரிசையில் கிராம அலுவலகத்து எழுத்தரும் ஒரு லாரி முதலாளியும் இருந்தார்கள்.

மணமேடைக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு வானம் கட்டியிருந்தது. விர்யாவே போட்டது. மணமக்கள் அதன்முன் உட்கார்ந்திருந்தார்கள். அடாங் மணமக்களைப் பார்க்கவில்லை.

"கீழ ரொம்ப நீலம் விட்டுட்டான்" என்றார் மெதுவாக. "மேகத்துக்கு அடி இல்ல. ராத்திரி பகலா தனியாப் போட்டிருப்பான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா."

சோறும் வறுத்த கோழியும் வந்தன. அவர் கொஞ்சம் சாப்பிட்டார்.

விர்யா வரிசையாக விருந்தினர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோட்டு போட்டிருந்தார், கழுத்து வியர்த்திருந்தது. எங்களிடம் வந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அடாங்கின் விரல்நுனிகளைத் தொட்டு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. ஏதாவது குறை இருந்தா மன்னிச்சுக்குங்க. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேங்க" என்றார் அடாங். முதல்முறையாக அவரும் அப்படிப் பேசினார். "எல்லாம் நல்லா இருந்துச்சுங்க."

விர்யா ஒரு கணம் அங்கேயே நின்றார். எதையோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அடாங்கும் நினைத்திருப்பார், லேசாக எழுந்திருக்கப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ விர்யாவைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைத் தாழ்த்திவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

சமையல் பந்தலில் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டு பாத்திரம் கழுவினார்கள். அடாங் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க பாங், இவ்வளவு நேரம்?"

"சாப்பிட்டதும் மேடைக்குப் போய் மணமக்களுக்குக் கை கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கை கொடுக்கிற வரிசையின் கடைசியில் எனக்குப் பின்னால் நின்றார்.